பதினெட்டுப் போர் விமானங்களோடு வந்த ஓர் இருக்கை

2006 டிசம்பரில் பெய்த அடைமழை மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தைப் புரட்டிப்போட்டது. சிகாமட், கோத்தா திங்கி, மூவார், பத்து பகாட் என்று மாவட்டம் மாவட்டமாக நீர் ஏறியது. முதல் வெள்ளம் வடிந்து, வீட்டுக்குள் படிந்த சேற்றை வழித்துக் கொட்டி முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் இரண்டாவது வெள்ளம் வந்தது. கோத்தா திங்கி சில வாரங்களுக்குள் இரண்டு முறை மூழ்கியது. மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி, கஜகஸ்தானின் பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் விண்கலத்தில் ஷேக் முஸாபர் ஷுக்கோர் என்ற மருத்துவர் புறப்பட்டார். மெர்டேக்கா எனும் விடுதலையின் ஐம்பதாம் ஆண்டில் மலேசியா விண்வெளிக்கு அனுப்பிய முதல் மனிதர் அவர். ஒரு வருடத்துக்குள் நடந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும்: இந்தக் காசை இங்கே கீழே செலவழித்திருக்கக் கூடாதா? நியாயமான கேள்விதான். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. மனிதனை விண்வெளிக்கு அனுப்புவது உங்களுக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் எதற்காக, எத்தனை காலத்துக்கு என்று அன்று மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட திட்டங்கள் பணம் தீர்ந்து மட்டும் நிற்பதில்லை. மக்களின் விருப்பம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கணக்குப் போடாமல் தொடங்குவதாலும் நின்றுபோகின்றன. அதற்கு நம் நாட்டைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

முதலில் அந்த இருக்கை எப்படி வந்தது என்று பார்ப்போம். 2003ஆம் ஆண்டில் மலேசிய விமானப்படைக்காக 18 சுகோய் 30 போர் விமானங்களை ரஷ்யாவிடம் வாங்க ஒப்பந்தமானது. மதிப்பு சுமார் 90 கோடி அமெரிக்க டாலர். இவ்வளவு பெரிய கொள்முதலுக்கு ஈடாக விற்பவர் ஏதாவது செய்து தருவது ஆயுத வணிகத்தில் வழக்கம். ரஷ்யா தர முன்வந்தவற்றுள் ஒன்று, ஒரு மலேசியருக்குப் பயிற்சி கொடுத்து அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு அழைத்துப் போவது. அந்த இருக்கையின் மதிப்பு ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர் என்று அப்போது பேசப்பட்டது. அங்காசா எனப்படும் தேசிய விண்வெளி நிறுவனம் விண்ணப்பம் கோரியபோது 11,000க்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். சல்லடை சல்லடையாகச் சலித்து 2006இல் நான்கு பேர் மிஞ்சினார்கள். ஷேக் முஸாபர், இராணுவப் பல் மருத்துவர் ஃபாயிஸ் காலிட், விமானி முகமது ஃபாயிஸ் கமாலுடின், பொறியாளர் சிவா வனஜா. கடைசி நால்வரில் ஒரே பெண் வனஜா, தமிழர். முதல் இருவர் பயிற்சிக்கு மாஸ்கோ அருகே உள்ள ஸ்டார் சிட்டிக்குப் போனார்கள். ஷேக் முஸாபர் பறந்தார், ஃபாயிஸ் காலிட் மாற்று வீரராகவே நின்றுவிட்டார்.

அந்த 11,000 விண்ணப்பங்களை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன். விண்வெளி என்றால் மலேசியர்களுக்கு அக்கறையில்லை என்ற பேச்சை அந்த எண் ஒன்றே முறியடிக்கும். ஆனால் அவர்கள் எதற்காக விண்ணப்பித்தார்கள்? புரதப் படிகங்களை எடையற்ற நிலையில் வளர்க்கவா, புற்றுநோய் உயிரணுக்களை ஆராயவா? ஷேக் முஸாபர் மேலே செய்த சோதனைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்காகத் தொலைக்காட்சி முன் அமர்ந்த குடும்பம் ஒன்றுகூட இருந்திருக்காது. மக்கள் பார்த்தது வேறு: நம்மூர்ப் பெயர் கொண்ட ஒருவர், நோன்பு மாதத்தின் கடைசி நாள்களில் பூமியைச் சுற்றிக்கொண்டே ஹரி ராயா கொண்டாடுகிறார், கிப்லா எந்தப் பக்கம், தொழுகை நேரம் எது என்று சமய அறிஞர்கள் கூடி வழிகாட்டி நூல் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதை வேடிக்கையாக எழுதின. எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. தன் அன்றாட வாழ்க்கையை எடுத்துக்கொண்டு மேலே போக முடியுமா என்பதுதான் மனித விண்பயணத்தைப் பற்றிச் சாதாரண மனிதர் கேட்கக்கூடிய முதல் கேள்வி. இயந்திரத்தைப் பார்த்து இந்தக் கேள்வி எழாது. ‘நம்மில் ஒருவர்’ என்பதே இந்த ஆர்வத்தின் வேர். அந்த ‘நாம்’ யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பல்லினங்கள் வாழும் நாட்டில் அந்த இறுதி நால்வர் பட்டியலை ஒவ்வொரு சமூகமும் தன் கண்ணால்தான் படித்திருக்கும். அதைக் குறுகிய மனப்பான்மை என்று தள்ளிவிட முடியாது. நிலவைச் சுற்றி வர நாசா 2023 ஏப்ரலில் அறிவித்த ஆர்ட்டெமிஸ் 2 குழுவில் ஒரு பெண், ஒரு கறுப்பினத்தவர், ஒரு கனடியர் இருந்ததும் இதே உணர்வைக் கணக்கில் எடுத்த முடிவுதான்.

இந்த உணர்வு எவ்வளவு ஆழம் போகும்? அப்போலோ காலத்தில் அமெரிக்கா முழுவதும் ஒரே குரலில் நிலவுக்குப் போகச் சொன்னது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விண்வெளி வரலாற்றாசிரியர் ரோஜர் லோனியஸ் அக்காலக் கருத்துக்கணிப்புகளைத் தொகுத்து 2003இல் எழுதிய கட்டுரை அந்த நினைப்பைக் கலைக்கிறது. 1960களில் பெரும்பாலான நேரம், விண்வெளிக்கு அரசு அதிகம் செலவிடுகிறது என்று சொன்னவர்களே மிகுதி. அப்போலோவுக்குச் செலவழித்தது தகும் என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னது 1969இல் ஆம்ஸ்ட்ராங் இறங்கிய சமயத்தில் மட்டும்தான், அதுவும் 53 விழுக்காடு. நாசாவின் பங்கு 1966இல் அமெரிக்க மத்திய அரசுச் செலவில் நான்கு விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இன்று அரை விழுக்காட்டுக்கும் கீழே. இறங்கிய மறு ஆண்டே கடைசி மூன்று பயணங்களை ரத்து செய்தார்கள், 1972 டிசம்பரோடு எல்லாம் முடிந்தது. மக்கள் போராடியா நிறுத்தினார்கள்? இல்லை. கவனம் வேறு பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். பிறகு ஆண்டுகள் போகப் போக, அது தகும் என்று சொல்வோர் எண்ணிக்கை கூடியது. ஆக, இந்த ஆதரவு முன்கூட்டி வருவதைவிடப் பின்னால் வருவதே அதிகம். இதை நம்பி ஒரு திட்டத்தைத் தொடங்கும் அரசியல்வாதி தன் காலத்தில் அறுவடை செய்ய முடியாது.

அண்மைய கணக்கு இன்னும் விசித்திரமானது. பியூ ஆய்வு மையம் 2018இல் அமெரிக்கர்களிடம் கேட்டபோது, நாசாவின் முதன்மைப் பணியாக நிலவுக்கு மனிதரை அனுப்புவது இருக்க வேண்டும் என்றவர்கள் 13 விழுக்காடு, செவ்வாய்க்கு என்றவர்கள் 18 விழுக்காடு. பூமியின் பருவநிலையைக் கண்காணிக்க வேண்டும் என்றவர்கள் 63 விழுக்காடு. இதை மட்டும் படித்தால் ராக்கெட்டை மூடிவைத்துவிடலாம் என்று தோன்றும். அதே கணிப்பில், நாட்டின் விண்வெளித் திட்டத்தில் மனித வீரர்கள் இருப்பது அவசியம் என்று 58 விழுக்காட்டினர் சொன்னார்கள். முன்னுக்குப் பின் முரண் போலத் தெரிந்தாலும் உண்மையில் முரண் இல்லை. மனிதர் போக வேண்டும் என்று பலர் விரும்புகிறார்கள். மற்ற எதையும்விட அதுவே முக்கியம் என்று சிலரே நினைக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2014இல் வெளியிட்ட பெரிய அறிக்கையும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நின்றது. பொருளாதாரம், பாதுகாப்பு, நாட்டின் மதிப்பு, கல்வி ஊக்கம், அறிவியல் ஆகியவற்றை ஒரு பக்கமும், மனித இனம் பிழைத்திருப்பது, எல்லைகளைத் தாண்டும் கனவு ஆகியவற்றை மறுபக்கமும் வைத்து எடைபோட்ட அக்குழு, எந்த ஒரு காரணமும் தனியாக நின்று இந்தச் செலவை நியாயப்படுத்தாது என்று முடிவு செய்தது. பொதுமக்களின் ஆதரவு இருக்கிறது, ஆனால் தீவிரம் இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை.

அகலமாக இருந்தும் ஆழமில்லாத இந்த விருப்பத்தை வைத்து என்ன செய்வது? அரசுகள் பொதுவாகச் செய்வது, இல்லாத பயன்களைச் சேர்த்துச் சொல்வது. ஒருவரை அனுப்பினால் நாட்டின் மாணவர்கள் எல்லாரும் அறிவியல் படிக்கக் கிளம்பிவிடுவார்கள் என்பது இங்கே சொல்லப்பட்ட முதன்மைக் காரணம். ஷேக் முஸாபர் திரும்பி வந்தபின் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் கல்வி அமைச்சு 1960களின் இறுதியிலேயே வகுத்த குறிக்கோள், மாணவர்களில் 60 விழுக்காட்டினர் அறிவியல், 40 விழுக்காட்டினர் கலைத்துறை என்பது. அது அன்றும் எட்டப்படவில்லை, 2007க்குப் பிறகும் எட்டப்படவில்லை. அறிவியல் பிரிவில் சேர்வோர் குறைகிறார்கள் என்ற கவலைதான் அடுத்த பத்தாண்டிலும் கேட்டுக்கொண்டிருந்தது. பதினொரு நாள் பயணம் ஒன்று ஒரு தலைமுறையின் பாடத்தேர்வை மாற்றும் என்று எதிர்பார்த்ததே தவறு. ஜொகூரின் 70 அளவிலான தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றில் அன்று நான்காம் ஆண்டு படித்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வானத்தைப் பார்த்து வியந்தது உண்மை என்றே வைப்போம். படிவம் நான்கில் பாடப்பிரிவு எடுக்கும்போது அந்தப் பிள்ளை கேட்டிருக்கக்கூடிய கேள்வி: இதைப் படித்தால் எங்கே வேலை? ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வானூர்திப் பொறியியல் துறையும் அதன் காற்றுச் சுரங்க ஆய்வகமும் பக்கத்திலேயே இருந்தன. அங்கிருந்து விண்வெளிக்குப் போகும் அடுத்த படிதான் இல்லை. இரண்டாவது வீரரை அனுப்பும் பேச்சு எழுந்து அடங்கியது. 2019இல் அங்காசாவைத் தொலையுணர்வு நிறுவனத்தோடு சேர்த்து மலேசிய விண்வெளி நிறுவனம் ஆக்கினார்கள்.

இப்படித்தான் முடிந்திருக்க வேண்டுமா என்பதற்கு மற்ற நாடுகளைப் பார்க்கலாம். ஐக்கிய அரபு சிற்றரசுகள் நம்மைவிடப் பன்னிரண்டு ஆண்டு பிந்தி, கிட்டத்தட்ட நம் வழியிலேயே தொடங்கின. 2019 செப்டம்பரில் ஹஸ்ஸா அல் மன்சூரி சோயுஸில் போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தார். அதோடு நிற்கவில்லை. 2023இல் சுல்தான் அல் நெயாடி ஆறு மாதம் நிலையத்தில் தங்கினார், கலத்துக்கு வெளியே வந்து நடந்த முதல் அரபியரும் ஆனார். இடையில் செவ்வாய்க்கு ஓர் ஆய்வுக்கலமும் போயிற்று. எண்ணெய்ப் பணம் என்று இதைச் சிலர் ஒதுக்கலாம். அப்படியானால் கனடாவைப் பாருங்கள். அது தன் வீரர்களுக்கான இடத்தை ரொக்கம் கொடுத்து வாங்குவதைவிட இயந்திரக் கை செய்து கொடுத்தே சம்பாதித்தது. அமெரிக்க விண்ணோடத்துக்கான முதல் கை 1981இல் பறந்தது; 1984இல் கனடிய வீரர் மார்க் கார்னோ விண்வெளிக்குப் போனார். நிலவைச் சுற்றி அமைக்கத் திட்டமிட்ட நிலையத்துக்கு மூன்றாவது கையைத் தர ஒப்புக்கொண்டதால்தான் ஆர்ட்டெமிஸ் 2 குழுவில் ஜெரமி ஹான்சனுக்கு இடம் கிடைத்தது. கனடியக் குழந்தை அத்தகைய கையை ஐந்து டாலர் நோட்டிலேயே பார்த்து வளர்ந்தது. போர் விமானத்தோடு இலவச இணைப்பாக வரும் இருக்கைக்கும், நாற்பது ஆண்டு ஒரே தொழிலைக் கற்றுத் தேர்ந்து பெறும் இருக்கைக்கும் உள்ள தூரம் இது. பின்னதில் ஒருவர் இறங்கினால் அடுத்தவர் ஏறுவார். முன்னதில் இறங்கியவரோடு கதை முடிந்தது.

தென் கொரியாவின் அனுபவம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, கொஞ்சம் கசப்பானது. நமக்கு ஆறே மாதம் பிந்தி, 2008 ஏப்ரலில், அதே சோயுஸ் வழியில் யி சோ யோன் போனார். அங்கே விண்ணப்பித்தவர்கள் சுமார் 36,000 பேர். திரும்பி வந்தபின் அவருக்குப் பேச்சு மேடைகள் கிடைத்தன, பறப்பதற்குக் கலம் கிடைக்கவில்லை. 2014இல் கொரிய விண்வெளி ஆய்வு நிறுவனத்திலிருந்து விலகியபோது, அரசுப் பணத்தில் போய்வந்துவிட்டு ஓடுகிறார் என்று அவரைத் திட்டினார்கள். திட்டம் இல்லாததற்கு வீரரைக் குறைசொல்லிப் பயன் என்ன? ஆனாலும் கொரியா ராக்கெட் வேலையை விடவில்லை. 2022இல் சொந்த நூரி ராக்கெட் செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது, அதே ஆண்டு நிலவுக்கு ஒரு சுற்றுக்கலமும் போனது.

இந்தியாவின் வழி இன்னும் நீளமானது. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் விருந்தினராகப் போனார். நம் இருக்கையைப் போலவே அதுவும் பிறர் கொடுத்ததுதான், அரசியல் நட்பின் பரிசாக. வியட்நாமின் ஃபாம் துவான் 1980இலும், கியூபா, சிரியா, ஆப்கானிஸ்தான் வீரர்கள் அதே பத்தாண்டிலும் அப்படித்தான் போனார்கள். அவற்றில் பல நாடுகளில் அது ஒரு தபால்தலையோடு நின்றது. இந்தியாவிலும் அடுத்தவர் போக 41 ஆண்டு ஆனது: 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா ஆக்ஸியம் நிறுவனத்தின் நான்காவது பயணத்தில் நிலையத்துக்குப் போய் ஜூலையில் திரும்பினார். ஆனால் அந்த 41 ஆண்டுகள் வெறுமையாகக் கழியவில்லை. பி.எஸ்.எல்.வி., ஜி.எஸ்.எல்.வி., சந்திரயான், மங்கள்யான் என்று இயந்திரப் பணிகள் வரிசையாக வந்தன. அவற்றின் மேல்தான் 2018இல் அறிவித்த ககன்யான் நிற்கிறது. அதற்கான கிரையோஜெனிக் எஞ்சினை மனிதர் பயணத்துக்குத் தகுதியாக்கும் சோதனைகள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நடந்தன. 2024 பிப்ரவரியில் பெயர் வெளியான நான்கு வீரர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். மகேந்திரகிரிப் பக்கத்தில் வளரும் பிள்ளைக்கு ‘இதைப் படித்தால் எங்கே வேலை’ என்ற கேள்விக்குப் பதில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே ஊக்கம் தருவது வீரரின் படம் மட்டும் அன்று, பக்கத்து வீட்டு வெல்டரும் வேதியியலாளரும் கூடத்தான்.

இப்போது வெள்ளத்துக்கு வருவோம். பாதிக்கப்பட்டவர் கேட்கும் கேள்விக்கு ‘கனவும் வேண்டும்’ என்று பதில் சொல்வது அலட்சியம். முதலில் கணக்கு: அந்த இருக்கை போர் விமான விலைக்குள் வந்தது. அதை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பணம் கோத்தா திங்கிக்கு வடிகாலாக வந்திருக்காது. வேண்டுமானால் ரஷ்யா வேறு ஏதாவது ஈடு கொடுத்திருக்கும். கேள்வியை 18 விமானங்களின் பக்கம் திருப்பியிருந்தால் அதற்கு வலு இருந்திருக்கும். இரண்டாவது, வெள்ளத்துக்கு உதவும் விண்வெளி ஒன்று இருக்கிறது, அதில் மனிதர் தேவையில்லை. மலேசியா அதையும் முயன்றது. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும் பாதையில், மேகம் விலகும் இடைவெளி பார்த்து ஒரே நாளில் பலமுறை நம் நிலத்தைப் படமெடுக்கும் என்ற நம்பிக்கையோடு ராசாக்சாட் செயற்கைக்கோள் 2009 ஜூலையில் ஏவப்பட்டது. ஏவியது அன்று பெயர் தெரியாத சின்ன நிறுவனமாக இருந்த ஸ்பேஸ் எக்ஸ். சுமார் ஓராண்டில் ராசாக்சாட் பயனற்றுப்போயிற்று. அதன் பெயரை இன்று நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? நம் விண்வெளி வீரரான அங்காசாவானின் பெயரைத் தெரியாதவர் எத்தனை பேர்? பயனுள்ள பொருள் செத்துப்போனபோது தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, 2023 மார்ச்சில் பத்து பகாட்டும் சிகாமட்டும் மறுபடி மூழ்கியபோதும் அந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. நம் வீட்டுக் கூரைகளில் 1996 முதல் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியின் வட்டில் மாட்டியிருக்கிறது. மியாசாட் செயற்கைக்கோள் வழியாக வானவில் அலைவரிசை அதில்தான் வருகிறது. கனமழையில் படம் உறைந்தால் திட்டுவோம், மற்றபடி அது விண்வெளி என்ற நினைப்பே கிடையாது. பயன் இருக்கும் இடத்தில் மக்கள் கவனம் தானாக வந்து நிற்பதில்லை. மனிதர் போகும்போது வருகிறது. அந்தக் கவனம் இருந்தால்தான் செயற்கைக்கோள் ஏன் செத்தது என்று கேட்கவும் ஆள் இருக்கும். மனிதரை அனுப்புவதற்கு நான் காணும் வலுவான காரணம் இது: வரி கட்டுகிறவர் விண்வெளிக் கணக்கைத் திறந்து பார்க்கிற ஒரே பக்கம் அதுதான்.

இயந்திரமே எல்லாவற்றையும் செய்யுமே என்பது அடுத்த வாதம், மிகவும் கூர்மையானதும் அதுதான். ஒரு ரிங்கிட்டுக்கு எவ்வளவு அறிவியல் என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் இயந்திரம் வெல்லும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. அப்போலோ வீரர்கள் நிலவிலிருந்து 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டு வந்தார்கள். அதே பத்தாண்டையொட்டிச் சோவியத்தின் மூன்று தானியங்கிக் கலங்கள் கொண்டு வந்தவை எல்லாம் சேர்த்து அரைக் கிலோவும் தேறாது. அப்போலோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட் நிலவியலாளர். அவரும் சக வீரரும் மூன்று நாளில் வண்டியில் ஓட்டிய தூரம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். செவ்வாயில் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி 45 கிலோமீட்டரை எட்ட 14 ஆண்டு பிடித்தது. ஹப்பிள் தொலைநோக்கியின் பார்வைக் குறையை 1993இல் சரிசெய்ததும் மனிதக் கைகளே. இருந்தாலும் இவை இன்று குறைந்துவரும் அனுகூலங்கள். சீனாவின் சாங்கே 5 கலம் 2020இல் ஆளில்லாமலே சுமார் 1.7 கிலோ நிலவு மண்ணைக் கொண்டு வந்துவிட்டது. அறிவியலை மட்டும் காட்டி மனிதப் பயணத்துக்கு வாதாடுகிறவர் பத்தாண்டுக்கு ஒருமுறை தன் வாதத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டிவரும்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது சந்திரயான் 3. 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்ட அந்தக் கலம் நிலவின் தென்துருவத்தை ஒட்டி இறங்கியபோது, இஸ்ரோவின் யூடியூப் நேரலையை மட்டும் ஒரே சமயத்தில் 80 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மனிதர் இல்லை. அப்படியானால் ‘நம்மில் ஒருவர்’ என்ற வாதம் உடைகிறதா? கூர்ந்து பார்த்தால், அன்று மக்கள் பார்த்தது கலத்தைவிடக் கட்டுப்பாட்டு அறையை: முகங்கள், நெற்றிப் பொட்டு, புடவை, கைதட்டல். 2019இல் சந்திரயான் 2 விழுந்தபோது அழுத முகங்களும் நினைவில் இருந்தன. மனிதர் அங்கேயும் இருந்தார், பூமியில் இருந்தார். வானமே போதும் என்பவர்களுக்கும் ஒரு சான்று உண்டு. 2019 டிசம்பர் 26ஆம் தேதி வளையச் சூரிய கிரகணம் கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் என்று தமிழ் நிலங்களின் மேலாகவே வந்து, சுமத்ராவைக் கடந்து ஜொகூரின் தென்முனைக்கும் சிங்கப்பூருக்கும் போயிற்று. அந்தத் தென்முனையில் உள்ள தஞ்சோங் பியாயில் கூட்டம் நெரிந்தது. ஆனால் அது திருவிழாக் கூட்டம்; தேர் போனதும் கலையும். கிரகணத்துக்கு யாரும் நிதி ஒதுக்க வேண்டியதில்லை, அடுத்தது எப்போது வரும் என்பது ஏற்கெனவே கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. மனிதரை அனுப்பும் திட்டத்தின் அடுத்த தேதியை ஒவ்வொரு முறையும் நாம்தான் தீர்மானிக்க வேண்டும். 2007இன் கூட்டத்தையும் அரசு கிரகணக் கூட்டம்போலவே நடத்தியது, கலைந்ததும் வீட்டுக்குப் போயிற்று.

உயிர் அபாயம் பற்றிச் சுருக்கமாக. 2003இல் கொலம்பியா விண்ணோடத்தில் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஷேக் முஸாபர் திரும்பிய சோயுஸ் கலமே வழக்கமான பாதை தவறி, இன்னும் செங்குத்தான கோணத்தில் இறங்கி, குறித்த இடத்துக்கு நெடுந்தொலைவு முன்னதாகவே தரைதொட்டது. அபாயமே கவனத்தைப் பிடித்து வைக்கிறது என்பதும் உண்மை. சில நாள் சோதனைக்காக 2024 ஜூனில் போன சுனிதா வில்லியம்ஸ் 2025 மார்ச் வரை திரும்ப முடியாமல் 286 நாள் இருந்தபோது, கலத்தின் உந்துவிசைக் கோளாறு பற்றிச் சாப்பாட்டுக் கடைகளில்கூடப் பேசினார்கள். இதற்காக ஒருவரை ஆபத்தில் தள்ளலாமா என்றால், கூடாது. விரும்பிப் போகிறவருக்கு உண்மை முழுவதையும் சொல்லி, பார்க்கிறவர்களுக்கும் அதே உண்மையைச் சொல்லும் அமைப்பு இருந்தால் மட்டுமே அனுப்பலாம்.

அனைத்துலக விண்வெளி நிலையத்தை 2030 வாக்கில் கடலில் இறக்கத் திட்டம் இருக்கிறது. அதற்குப் பின் தனியார் நிலையங்கள், சீனாவின் தியான்கோங், இந்தியா கட்ட நினைக்கும் நிலையம் என்று கதவுகள் பல திறக்கலாம். மலேசியாவில் மறுபடி யாராவது ஓர் அமைச்சர் இரண்டாவது அங்காசாவானைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்க்கலாம். இந்த முறை ஒரு வித்தியாசம் இருக்கும். இருக்கையின் விலை இப்போது வெளிப்படையாகத் தெரிகிறது. சுக்லாவின் பயணத்துக்கு இந்தியா சுமார் 550 கோடி ரூபாய் செலவிட்டதாகச் செய்திகள் வந்தன. போர் விமான ஒப்பந்தத்துக்குள் அதை ஒளித்து வைக்க முடியாது, நாடாளுமன்றத்தில் தனி வரியாக வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கும். அப்போது ‘மாணவர்களுக்கு ஊக்கம்’, ‘புற்றுநோய் ஆராய்ச்சி’ என்ற பழைய வரிகளை எழுதிக்கொண்டு வந்தால் சிகாமட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் எழுந்து வெள்ளத்தடுப்பு ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்பார், கேட்கவும் வேண்டும். நம் ஆள் ஒருவர் போவதைப் பார்க்க ஆசைப்படுகிறோம், அதற்கு இவ்வளவு செலவாகும், அவர் திரும்பிய மறுநாளிலிருந்து பத்தாண்டுக்கு ஸ்கூடாயிலும் சைபர்ஜெயாவிலும் இன்ன வேலை நடக்கும், அந்தப் பத்தாண்டுக்கான தொகை இது என்று ஒரே தாளில் எழுதி வைத்தால் மக்கள் ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இல்லை என்றால் அந்தப் பணத்தில் ராசாக்சாட்டுக்குப் பின் வர வேண்டிய செயற்கைக்கோளைச் செய்யலாம். அதுவும் கெட்ட முடிவு அல்ல.